மூக்கடைத்த காஜாங்காரன்

2020 மார்ச் 18, மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் முதல் நாள். எங்கள் காஜாங் தெருமுனைச் சாத்தேக் கடையில் கரி மூட்டவில்லை. சில மாதம் கழித்து எனக்கு மூக்கடைப்பு. "மணம் தெரியுதாங்க?" என்று காப்பியை நீட்டிக்கொண்டே இருந்தாள் மனைவி. பரிசோதித்தால் கோவிட் இல்லை; வெறும் சளி.

கொரோனா குடும்பத்திலேயே நான்கு வகை சாதாரணச் சளிக்காரர்கள்தாம். 2002-இல் கிளம்பிய சார்ஸ், 2012-இல் மெர்ஸ், பிறகு கோவிட் ஆகியவைதாம் முரடர்கள். இந்தக் குடும்பத்தார் எல்லாருக்கும் கொழுப்பு உறை உண்டு. சவர்க்காரம் பட்டால் சிதையும். சளிக்கு முதற்காரணமான ரைனோ வைரசுக்கோ உறையே கிடையாது. கைத்தூய்மிக்கு எளிதில் மசியாது. (நான் பாட்டில் பாட்டிலாக வாங்கிக் குவித்திருந்தேன்!) தேய்த்துக் கழுவினால் தண்ணீரோடு போய்விடும்.

இருமல் இருந்தால் முகக்கவரி போட்டுக்கொண்டு சாத்தே வாங்க வாருங்கள்.