அம்புலிப் பருவம்

பிள்ளைத்தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் முதலிற் செய்வது பருவங்கள் பத்தினையும் கரும்பலகையில் வரிசைப்படுத்துவதே. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றும் ஆண்பாற்குரியன. இதனை ஆண்டுதோறும் எழுதினேன், மாணாக்கரும் எழுதினர், தேர்விலே புள்ளியும் பெற்றனர். ஆயினும் அப்பட்டியலின் பொருளை நான் உள்ளபடி உணர்ந்தது, என் மகள் வயிற்றுப் பேரன் வளரத் தொடங்கிய பின்னரேயாம்.

அவனுக்கு இப்பொழுது ஆறு வயது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில், வீட்டுக் கொல்லை வேலியை அலை நனைக்கும் ஒரு சிற்றூரிலே வாழ்கின்றோம். அவனது மூன்றாம் வயதில் மருத்துவர் ‘ஆட்டிசம்’ என்றார். தமிழகத்தார் இதனை ‘மதியிறுக்கம்’ என மொழிபெயர்த்துள்ளனர். தமிழாசிரியனாகிய எனக்கு அச்சொல் உவப்பாயில்லை. ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினடியாகப் பிறந்தது மூலச்சொல். அதில் இறுக்கமும் இல்லை, மதியைப் பற்றிய குறையும் இல்லை. சொல்லாராய்ச்சி நிற்க.

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைச் சற்று உற்று நோக்குங்கள். குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை, உடல் வளர்ச்சி. தாய் கொட்டக் கண்டு தானும் கைகொட்டுவது சப்பாணி; பிறரைப் பார்த்துச் செய்தல். ‘வருக’ என்றழைக்க வருவது வருகை. தன்னை அழைப்பதை அறிதல். தாய் சுட்டும் விரலின் வழியே கண்ணைச் செலுத்தி நிலவைக் காண்பது அம்புலி; ஒரு பொருளை இருவர் சேர்ந்து காணல். பிறர் கட்டிய மணல்வீட்டினிடம் செல்வது சிற்றில், கூடி விளையாடல். கிளினிக்கிலே குழந்தைக்குத் தரும் சுகாதாரப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பாட்டியலார் வகுத்தவற்றுட் பல அங்கேயும் இருந்தன, பெயர்தான் வேறு. மூன்றாந் திங்கள் முதல் இருபத்தோராந் திங்கள் வரை ஒற்றைப்பட வரும் திங்கள்களில் இப்பருவங்களை அமைக்கும் மரபு ஒன்றுண்டு. அக்கணக்கில் அம்புலி 15ஆந் திங்களுக்குரியது. வேறு வகையாகக் கால எல்லை கூறுவாரும் உளர்.

எங்கள் பிள்ளைக்குச் செங்கீரை காலத்தில் வந்தது. நடையும் காலத்தில் வந்தது. சப்பாணி வரவில்லை. 18 மாதமாகியும் பெயர் சொல்லி அழைத்தாற் திரும்பவில்லை. விரல் நீட்டி எதனையுங் காட்டவில்லை. வேண்டிய பொருளுண்டேல் தாயின் மணிக்கட்டைப் பற்றி இழுத்துச் சென்று, அவள் கையை அப்பொருள்மேல் வைப்பான். அவள் முகத்தை நோக்கான். மகள் அஞ்சினாள். “அப்பா, ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவமா?” என்றாள்.

அப்பொழுது நான் சொன்ன மறுமொழி இன்றும் என்னைச் சுடுகின்றது. “குமரகுருபரர் ஐந்து வயதுமட்டும் பேசவில்லை மகள், பின்னர்த் திருச்செந்தூரிலே வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவையே பாடினார். பொறு,” என்றேன். பிள்ளைத்தமிழ் பாடியோருள் தலைசிறந்த ஒருவர் பேசாப் பிள்ளையாயிருந்தார் என்னும் மரபுக்கதை எனக்குப் பெரும் ஆறுதலாயிருந்தது. ஆனால், கதையை ஆறுதலாகக் கொள்வது வேறு; அதனை மருத்துவமாகக் கொள்வது வேறு. என் புலமை ஒன்றரை ஆண்டினை விழுங்கிற்று. இத்தகைய பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சியும் அன்றாடச் செயற்பயிற்சியும் எவ்வளவு முந்தித் தொடங்குகின்றனவோ அவ்வளவு நன்மை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

இந்நிலையை ஒரு தனி நிலையாக முதன்முதல் விரிவாக எழுதியவர்களுள் ஒருவர் அமெரிக்காவிற் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர். 1943ஆம் ஆண்டு பதினொரு பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதினார். அதன்பின் ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், தாயின் அன்பு குளிர்ந்தமையே காரணம் என்றொரு கொடுங்கூற்று மேனாட்டில் உலவிற்று. 1964இல் பேர்ணாட் றிம்லண்ட் என்னும் உளவியலாளர் அதனை மறுத்து நூல் எழுதினார். அவரும் இத்தகைய ஒரு மைந்தனின் தந்தையே. இது மூளையின் வளர்ச்சி சார்ந்தது, பெற்றோரின் வளர்ப்புக் காரணமன்று என்பது இன்று ஐயத்துக்கிடமற்ற முடிபு. அருமையாக நேர்வதுமன்று. நமது நாட்டிலே, நகரஞ்சார்ந்த ஓர் ஊர்ப்பகுதியில் ஒன்றரை வயது முதல் இரண்டு வயது வரையான குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்று கணித்தது.

அக்கணக்கைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1990களின் நடுப்பகுதி, ஆசிரியத் தொழிலிற் புதியவன் நான். என் வகுப்பில் ஒரு சிறுவன் இடாப்புக் கூப்பிடும்போது பெயருக்கு எழும்பமாட்டான். பென்சிலை மேசைமேற் சுழற்றிக்கொண்டேயிருப்பான். செருக்கென்று எண்ணி அவனைப் பிரம்பால் அடித்தேன். அவன் அழவுமில்லை, சுழற்றுவதை விடவுமில்லை. இரண்டாம் தவணைக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவனுக்கு என்ன இருந்தது என்று கூற நான் மருத்துவனல்லேன். ஆனால், நான் அடித்தது செருக்கையன்று என்பது மட்டும் இப்பொழுது தெரிகின்றது.

இனி, மகளின் கொப்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். மருத்துவர் சொன்ன நாள் தொட்டு அவள் ஓர் அப்பியாசக் கொப்பியிலே நாள்தோறும் ஓரிரு வரி எழுதி வருகின்றாள். ஒருநாள் அதனை எனக்குக் காட்டினாள். அதிற் சில:

‘இன்று இரண்டு செருப்பையும் தானே மாட்டினான். இடமும் வலமும் மாறியிருந்தன.’

‘ஓட்டோ வந்தபோது காதைப் பொத்தவில்லை.’

‘தயிர்ச்சோற்றின் ஓரத்தில் பருப்பு வைத்தேன். தின்னவில்லை. ஆனால் தள்ளிவிடவுமில்லை.’

‘முடி வெட்டினோம். பாதித் தலைமட்டும் அழவில்லை.’

‘இன்று ஒன்றுமில்லை. நேற்றுச் செய்ததையும் இன்று செய்யவில்லை.’

அவ்வெழுத்திலே ரகர றகரப் பிழைகள் இருந்தன. பழக்கத்தால் என் கை சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. பின் மூடி வைத்தேன். ஓராண்டில் எத்தனை பருவங்கள் அக்கொப்பியில்! பாட்டியலார் செருப்பு மாட்டலைப் பருவமாக வகுக்கவில்லை. வகுக்க அவர்க்குத் தேவை நேரவில்லை. பத்துப் பாடல் பாடுதற்குரிய செயல்தான் அது.

செருப்பு மாட்டிய அன்று என் மனைவி மகிழ்ச்சி தாங்காது குரவையிட்டாள். மங்கல நிகழ்ச்சிகளிற் குரவையிடுவது எங்கள் மட்டக்களப்பு வழக்கம். பிள்ளை அலறிக் கட்டிலின் கீழ்ப் புகுந்தான். இரண்டு நாள் செருப்பைத் தொடவேயில்லை. அப்பொழுதுதான் எங்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. நாங்கள் கொண்டாடியது எங்கள் மகிழ்ச்சியை, அவனுடையதையன்று. அவன் செவிக்கு எங்கள் மங்கலம் இடியோசை. அன்றுதொட்டு அவள் குரவை ஓசையின்றி நிகழ்கின்றது. நா மட்டும் அசையும். அவன் அவள் வாயை உற்றுப் பார்த்துச் சிரிப்பான். பித்தளைச் செம்பின் மூடியைத் தரையிலே சுழலவிடுவது அவனுக்குப் பெருவிருப்பு. ஆதலால் எங்கள் வீட்டுப் பெருவிழா யாதெனின், நால்வரும் நிலத்தமர்ந்து மூடி சுழன்று ஓயும்வரை பார்த்திருத்தலே. அன்று பென்சில் சுழற்றிய சிறுவனருகே நான் ஒருமுறையேனும் அமர்ந்திருக்கலாம் என்று அவ்வேளைகளில் நினைப்பதுண்டு.

அம்புலி பாடுதல் புலவர்க்குப் புலி போல்வது என்பர். வாராத நிலவைச் சாம, பேத, தான, தண்டம் என்னும் நால்வகை உபாயத்தாலும் அழைத்துப் பாடவேண்டும். நாங்களும் நால்வகையும் பிள்ளையிடம் முயன்றோம். இன்சொற் கூறினோம், இனிப்புக் கொடுத்தோம், அயற்பிள்ளையை ஒப்புக்காட்டினோம், ‘பால்’ என்று சொன்னாலன்றிப் பால் இல்லையென்று நானே ஒருநாள் குவளையை மறைத்தும் வைத்தேன். நான்காவது உபாயம் எங்கள் எல்லோரையும் அழவைத்ததன்றி வேறொன்றும் விளைக்கவில்லை. பயன்தந்தவை வேறு: படம் வரைந்த அட்டைகள், சிறிய வாக்கியங்கள், ஒன்றைக் கேட்டபின் விடைக்காகக் காத்திருத்தல்.

சென்ற பூரணையன்று மாலை மகள் அவனை வாவிக்கரைக்கு அழைத்துச் சென்றாள். நானும் உடன் சென்றேன். நிலவுக்காலத்தில் தோணியிலிருந்து துடுப்பை நீரில் ஊன்றிக் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பர் எங்கள் ஊரவர். அன்று நீர் அசைவின்றிக் கிடந்தது. நிலவு நீரிலும் இருந்தது. பிள்ளை வழக்கம்போற் தாயின் மணிக்கட்டைப் பற்றியிருந்தான். அதனை விட்டான். தன் சுட்டுவிரலையே நீட்டினான். வானத்தையன்று, நீரில் மிதந்த நிலவை. பின் தலைதிருப்பித் தாயின் முகத்தைப் பார்த்தான். அவளும் அதனைக் கண்டாளா என்று அறியும் பார்வை அது.

பிள்ளைத்தமிழில் தாய் பிள்ளைக்கு நிலவைக் காட்டுவாள். இங்கே பிள்ளை தாய்க்குக் காட்டினான். “ஓம் மனே, நிலா,” என்றாள் அவள் மெல்ல. அவன் ஒன்றும் பேசவில்லை. 15ஆந் திங்கட் பருவம் ஆறாம் வயதில் வந்தது. வந்தது என்பதே செய்தி. மதி என்னும் சொல்லுக்கு நிலவு என்றும் பொருளுண்டு என்பதை அக்கரையில் நின்று நினைத்துக்கொண்டேன்.

ஆசிரியத் தோழர்க்கு ஒரு விண்ணப்பம். மாற்றுத்திறனுடைமை காரணமாகக் கல்விக்கூட அனுமதியில் ஒருவரை வேறுபடுத்தலாகாது என்பது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். ஆனால், வாயிலைத் திறப்பதே சட்டத்தின் வேலை. வாங்கில் இடங்கொடுப்பது நம் வேலை. பெயருக்குத் திரும்பாத பிள்ளையை அருகே சென்று அழையுங்கள். அன்றைய வேலை ஒழுங்கைப் படமாக வரைந்து காட்டுங்கள். மணியோசைக்கு முன் சொல்லிவையுங்கள். பெற்றோரிடம், ‘பொறுங்கள்’ என்று என்போற் சொல்லாது, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

சென்ற கிழமை அயல்வீட்டுச் சிறுமியர் இருவர் முறைப்பாட்டோடு வந்தனர். “சேர், உங்கட பேரன் எங்கட மண்வீட்ட மிதிச்சுப் போட்டான்!” பெரியவள் கண்ணில் நீர் முட்டியது. நான் அவர்களுக்குக் கற்கண்டு கொடுத்து, நானே வந்து மறுபடி கட்டித் தருவதாக வாக்களித்தேன். பின் உள்ளே சென்று மகளின் கொப்பியை வாங்கி, முதன்முறையாக என் கையால் எழுதினேன்: ‘இன்று சிற்றில்.’