எல்லை தாண்டும் திருமணத்துக்கு எந்தக் காகிதம் காவல்?

பெங்களூரின் ஈஜிபுராவும் அதை ஒட்டிய விவேக்நகரும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வேர்விட்டிருக்கும் பகுதிகள். பக்கத்திலேயே கோரமங்களா. அங்குள்ள நிறுவனங்களுக்கு வெளிநாட்டவர் வேலைக்கு வருகிறார்கள்; இங்குள்ள பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் ஜெர்மனி, கனடா என்று கிளம்புகிறார்கள். இப்படிப் போக்குவரத்து பெருகும் இடத்தில் வெளிநாட்டு மருமகளோ மருமகனோ அமைவது இயல்பு. இரண்டு வீட்டாரும் மனதாரச் சம்மதித்த பிறகும் ஒரு கவலை மிஞ்சும்: அத்தனை காகிதம் எதற்கு? சலித்துக்கொள்வதைவிட ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டு கேள்விகளால் சோதிப்பது நல்லது. அது எதை நிரூபிக்கிறது? யாரைக் காக்கிறது? இந்தச் சோதனையில் பெரும்பாலான ஆவணங்கள் தேறிவிடுகின்றன. தேறாதது ஒன்றுதான்: முப்பது நாள் சுவரில் தொங்கும் திருமண நோட்டீஸ்.

முதலில் எந்தச் சட்டம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கோயிலில் தாலி கட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்புகிறவர்கள் உண்டு. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி மணமக்கள் இருவருமே இந்துக்களாக இருக்க வேண்டும். இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் நடந்த திருமணம் அந்தச் சட்டத்தின்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மதம் மாறாத வெளிநாட்டவரை மணப்பவருக்கு உறுதியான வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அது மணமக்கள் இந்தியக் குடிமக்களா என்று கேட்பதில்லை. எந்த இருவரும் மணக்கலாம் என்கிறது. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உயிரோடுள்ள வேறு கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது. இருவரில் ஒருவராவது முப்பது நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஈஜிபுராவாசி ஒருவரின் குடியிருப்புச் சான்றே இதற்குப் போதும். நோட்டீஸை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். முப்பது நாளுக்குள் ஆட்சேபம் வராவிட்டால், மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணம் நடக்கும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடிவில் கிடைக்கும் சான்றிதழ், திருமணம் நடந்ததற்கு மறுக்க முடியாத ஆதாரம்.

இனி வெளிநாட்டவர் கொண்டுவரும் ஆவணங்களைப் பார்ப்போம். பாஸ்போர்ட் அவர் யார் என்பதைச் சொல்கிறது. விசா அவர் முறையாக வந்திருப்பதைக் காட்டுகிறது. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெங்களூரில் அந்த அலுவலகம் சாந்திநகர் பஸ் நிலையக் கட்டடத்தில் இருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது, அவர் மணம் செய்துகொள்ளத் தடையற்றவர் என்று சொந்த நாடு தரும் சான்று. முன்பே மணமானவரென்றால் விவாகரத்துத் தீர்ப்போ, துணையின் இறப்புச் சான்றோ வேண்டும். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான திருமணப் பதிவேடு கிடையாது. அதனால் அந்நாட்டவர் தாம் மணமாகாதவர் என்று சத்தியம் செய்து அபிடவிட்தான் தருவார்கள். அது அவருடைய வாய்மொழி மட்டுமே. எனவே அவர் வசித்த கவுண்டியின் (மாவட்டத்தின்) பதிவேட்டில் தேடிப் பெற்ற கடிதத்தையும் பெண் வீட்டார் கேட்பதில் தவறில்லை, அதை அவமதிப்பாக யாரும் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இதே கேள்விகள் இங்கிருந்து போய் அயல்நாட்டில் மணப்பவருக்கும் வரும். இந்தியத் தூதரகத்தில் 1969-ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி மணக்கலாம், மணமக்களில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும்; அல்லது அந்த நாட்டுச் சட்டப்படி மணக்கலாம். எந்த வழியானாலும் நம் தமிழர்கள் தடுக்கி விழுவது பெயரில். பெங்களூரில் பிறந்தவரின் பிறப்புச் சான்றிதழ் கன்னடத்தில் இருக்கலாம். பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன் ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் விரிந்து நிற்கும். நமக்கு அது ஒரே ஆள். அயல்நாட்டுப் பதிவாளர் கண்ணுக்கு மூன்று ஆட்கள். திருத்தம், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அதன் பிறகு, ஆவணம் உண்மையானது என்று அயல்நாடுகள் ஏற்க உதவும் அப்போஸ்டில் முத்திரை. அதற்கான 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது; முதலில் மாநில அரசும், பிறகு வெளியுறவு அமைச்சகமும் ஆவணத்துக்குச் சான்றளிக்கும். கனடாவில் அது 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகம் போல இணையாத நாடுகளுக்குத் தூதரக அட்டெஸ்டேஷன் தேவை. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால் அங்கே இந்த முத்திரை செல்லாது. ஆகவே போகும் நாட்டின் தூதரகத்தில் கேட்காமல் ஏஜெண்டுக்குப் பணம் கொடுப்பது வீண்.

இவை அனைத்தும், தெரிந்தவர் தெரிந்ததைச் சொல்லும் சாட்சியங்கள். சுவர் நோட்டீஸ் அப்படியல்ல. ஹாம்பர்க்கிலிருந்து வந்தவருக்கு அங்கே மனைவி இருக்கிறாளா என்பது பெங்களூர் அலுவலகச் சுவரைப் பார்க்கும் யாருக்குத் தெரியும்? மாறாக, இந்தச் சுவரைத் தேடி வந்து படிப்பவர்கள், சாதியையோ மதத்தையோ காரணம் காட்டித் திருமணத்தைத் தடுக்க நினைப்பவர்கள். இணையத்தில் வெளியிட்ட நோட்டீஸ்களால் மணமக்கள் தொல்லைக்குள்ளானதால் கேரள அரசு 2020-இல் அந்த வழக்கத்தை நிறுத்தியது. நோட்டீஸ் வெளியிடுவது மணமக்களின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருக்க வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. அது கர்நாடகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் நியாயம் இங்கும் பொருந்தும். இந்து முறைப்படி மணப்பவர் யாரும் ஊர் அறிய ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. இன்னொன்று: சுற்றுலா இ-விசாவில் முப்பது நாள் மட்டும் செல்லும் வகை உண்டு. அதில் வருபவர் வந்த அன்றே நோட்டீஸ் கொடுத்தாலும், காத்திருப்புக் காலம் முடியும்போது விசாவும் முடிந்துவிடும்.

நோட்டீஸை எடுத்துவிட்டால் மோசடிக்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதாக ஆகாதா என்று கேட்பார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளையை நம்பி ஏமாந்த பெண்கள் இருப்பதால் இது அலட்சியப்படுத்தக் கூடிய கேள்வி அல்ல. ஆனால் ஏமாற்றைத் தடுப்பது தடையின்மைச் சான்றும், விவாகரத்து ஆவணமும், கட்டாயப் பதிவும்தான். வெளிநாடுவாழ் இந்தியர் திருமணங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்றே 2024-இல் சட்ட ஆணையத்தின் 287-ஆவது அறிக்கையும் சொன்னது. பொய் உறுதிமொழி தருபவரைத் தண்டிக்கச் சிறப்புத் திருமணச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அவசரப்பட்டு மணப்பவர்கள் நிதானிக்க ஒரு மாதம் உதவும் என்றும் சிலர் வாதிடுவார்கள். இரண்டு நாடுகளிலிருந்து ஆவணம் திரட்டும் அலைச்சலே அந்த நிதானத்தைத் தந்துவிடும். அத்தனை ஆவணம் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகுமா என்பது நேர்மையான மறுப்பு. அதற்குத் தீர்வு சான்றுகளைக் கைவிடுவது அல்ல; தேவையான ஆவணங்கள் எவை என்ற ஒரே பட்டியலை மாநிலப் பதிவுத் துறை தமிழ், கன்னடம், ஆங்கிலம் என மக்கள் பேசும் மொழிகளில் எல்லா அலுவலகங்களிலும் வைப்பது.

சட்டம் மாறும்வரை குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் காகித வேலையைத் தொடங்குவது. இந்தியரை மணந்த வெளிநாட்டவர் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை கேட்கவேண்டுமானால், பதிவு செய்த திருமணம் இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். துணையின் விசா, குழந்தையின் குடியுரிமை, சொத்து, ஜீவனாம்சம் என எந்த அலுவலகத்தில் நின்றாலும் முதலில் கேட்பது திருமணச் சான்றிதழைத்தான். உறவு நன்றாக இருக்கும் நாளில் அது அலமாரியில் கிடக்கும். அந்நிய மண்ணில் தனித்து நிற்க நேரும் நாளில், மணமகளுக்காகப் பேச அது ஒன்றுதான் இருக்கும். அவளைக் காக்கும் காகிதத்தைக் கேட்டு வாங்குவோம். யாரையும் காக்காத நோட்டீஸை நீக்கச் சொல்லி அரசிடம் கேட்போம்.