மட்டைக்காரனும் டயமண்ட்காரனும்

விளையாட்டில் பணத்துக்கு எந்த இடம் என்பது, தொண்ணூறுகளில் அக்கரப்பத்தனைத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது. லயத்து வாசலில் கிரிக்கெட் நடக்கும். பந்துக்கு ஆளாளுக்குச் சல்லி போடுவோம். மட்டை மட்டும் ஒருவனுடையதாக இருக்கும். அநேகமாகக் கொழும்பில் கடை வேலைக்குப் போன அண்ணனோ மாமாவோ தீபாவளிக்கு வாங்கி வந்தது. மட்டைக்காரன்தான் முதலில் ஆடுவான். அதில் யாருக்கும் மனக்குறை இருந்ததில்லை. அவன் மட்டை இல்லாவிட்டால் ஆட்டமே இல்லையே! ஆனால் விக்கெட்டாக வைத்த தகரத்தில் பந்து பட்டுச் சத்தம் கேட்டால் அவனும் அவுட்தான். மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன் என்று மிரட்டிய மட்டைக்காரர்களும் உண்டு. மறுநாள் அவர்களோடு விளையாட ஆள் வராது. முதல் ஆட்டம் அவனுக்கு. ஓட்டங்களை அவன் அடித்துத்தான் எடுக்க வேண்டும். இந்த எல்லையை எந்தத் துரையும் கணக்கப்பிள்ளையும் வந்து போடவில்லை, பிள்ளைகளே போட்டுக்கொண்டார்கள்.

பெரியவர்களின் மென்பந்துச் சுற்றுப்போட்டியிலும் இதே ஒழுங்குதான். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊட்டுவள்ளியிலிருந்தும் டயகமவிலிருந்தும் பெல்மோரலிலிருந்தும் அணிகள் வரும். நுழைவுக் கட்டணம் எல்லா அணிக்கும் ஒன்று. சங்கத்தில் சல்லி அதிகம் இருக்கிறதென்று எந்த அணிக்கும் ஓர் ஓவர் கூடுதலாகக் கொடுத்ததில்லை. பின்னர் தலவாக்கலையிலும் அட்டனிலும் கொமினிகேஷன் கடைகள் வந்து, கணினியில் கார் ஓட்டவும் துப்பாக்கி சுடவும் பையன்கள் பஸ் ஏறிப் போன காலத்திலும் கணக்கு மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்பதுதான். கட்டணம் வாசலோடு முடிந்தது. உள்ளே போனபின் எல்லாருடைய துப்பாக்கியிலும் ஒரே குண்டு.

அந்த வாசல் இப்போது இல்லை. அது எப்போது போனது என்பதற்கு ஆண்டு சொல்லலாம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் வாட்ஸ்அப்பிலும் ஸூமிலும் வந்தது. அதுவரை ஒரு சாதாரண பட்டன் ஃபோனோடு இருந்த லயத்துக் காம்பராக்களுக்குள், நகையை அடகு வைத்தும் சீட்டுப் பணம் எடுத்தும், ஸ்மார்ட் ஃபோன் வந்தது. "படிக்கத்தான் வாங்கிக் குடுத்தோம்" என்று தாய்மார் இன்றும் சொல்கிறார்கள். அது உண்மை. சிக்னல் தேடிப் பிள்ளைகள் தேயிலை மலை உச்சிக்கு ஏறியதும் உண்மை. பாடம் முடிந்தபின் அதே உச்சியில் அதே சிக்னலில் ஃப்ரீ ஃபயர் ஓடியதும் உண்மை.

சிங்கப்பூரைச் சேர்ந்த கரீனா நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஆட்டம் அது. ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்குவார்கள், கடைசிவரை உயிரோடு இருப்பவர் வெல்வார், பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடியும். மலிவான ஃபோனிலும் ஓடும். அதுதான் தோட்டத்துக்குள் அது இவ்வளவு ஆழமாக நுழைந்த காரணம். இறக்கிக்கொள்ளச் சல்லி வேண்டாம், விளையாடவும் வேண்டாம். வாழ்நாளில் ஒரு விளையாட்டுச் சாமானுக்கும் வழியில்லாத பிள்ளை, பிரேசிலிலும் இந்தோனேசியாவிலும் பிள்ளைகள் ஆடும் அதே ஆட்டத்தை ஆடுகிறான். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஆனால் இலவசம் என்றால் யாரோ கட்டுகிறார் என்று பொருள். ஆட்டத்துக்குள் டயமண்ட் என்றொரு நாணயம் இருக்கிறது. பெரும்பாலும் உண்மையான பணம் கொடுத்தால்தான் அது சேரும். உலகமெங்கும் ஆடுபவர்களில் ஒரு சிறு பங்கினர் டயமண்ட் வாங்குவதால்தான் மற்றவர்களுக்கு ஆட்டம் சும்மா கிடைக்கிறது. ஆகவே கட்டுகிறவனுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நல்ல சட்டை, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம், வென்றதும் ஆட ஒரு நடனம் எல்லாம் கொடுக்கட்டும். மட்டைக்காரனுக்கு முதல் ஆட்டம் கொடுத்த பிள்ளைகள்தானே நாங்கள். எங்கள் கேள்வி வேறு. கட்டியவனுக்கே நிறுவனம் நேர்மையாக நடக்கிறதா?

2019இன் கடைசியில் அலோக் என்ற கதாபாத்திரம் வந்தது. பிரேசில் நாட்டு இசைக்கலைஞர் ஒருவரின் உருவம். 599 டயமண்ட். சுற்றியிருக்கும் கூட்டாளிகளின் உயிரை ஏற்றுவான், ஓடும் வேகத்தைக் கூட்டுவான். அலோக் வைத்திருப்பவனும் இல்லாதவனும் நேருக்கு நேர் நின்றால் யார் விழுவார் என்று ஆடிய பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். 2020 டிசம்பரில் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் சாயலில் குரோனோ வந்தான். குண்டு துளைக்காத ஒரு கவசத்தைத் தன்னைச் சுற்றி எழுப்புவான். வாங்கினார்கள். அடுத்த ஆண்டிலேயே அவனுடைய சக்தி மீண்டும் மீண்டும் குறைக்கப்பட்டது. ஆட்டம் சமநிலையாக இருக்க அது தேவைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சமநிலையைக் குலைக்கும் சரக்கை முதலில் விலைக்கு விற்று, விற்று முடிந்ததும் அதன் கூர்மையை மழுக்குவதில், காசு போன பிள்ளைக்கு எந்த ஈடும் இல்லை. பிறகு லிங்க் என்ற முறை வந்தது. தொடர்ந்து ஆடினாலே கதாபாத்திரங்களைச் சும்மா பெறலாம். சல்லி இல்லாத பிள்ளைக்கு அது நல்ல செய்தி, நானும் வரவேற்கிறேன். முன்பு சம்பள முற்பணத்தில் பங்கு கேட்டு அழுது அலோக்கை வாங்கியவனுக்கு என்ன கிடைத்தது? அவன் முந்திக் கட்டியதால்தானே ஆட்டம் அதுவரை ஓடியது.

இதைவிட எனக்கு அதிகம் உறுத்துவது துப்பாக்கித் தோல். ஸ்கின் என்பது வெறும் நிறமாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. இந்த ஆட்டத்தில் பல தோல்கள் துப்பாக்கியின் சேதத்தையும் சுடும் வேகத்தையும் சேர்த்தே கூட்டுகின்றன. எவோ கன் என்று சொல்லும் துப்பாக்கிகளை டயமண்ட் போட்டுப் போட்டுப் படிப்படியாக உயர்த்தலாம். அதாவது மட்டைக்காரனுக்கு ஓட்டத்தையே விலைக்குக் கொடுத்தாயிற்று. இதற்குப் பிள்ளைகள் செய்திருக்கும் மாற்றுத்தான் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. தங்களுக்குள் ஆடும்போது கஸ்டம் ரூம் போடுகிறார்கள். ரூமைத் திறக்கும்போதே துப்பாக்கித் தோலின் கூடுதல் சக்தியை நிறுத்திவைக்க ஒரு தெரிவு இருக்கிறது. "கன் அட்ரிபியூட் ஆஃப் பண்ணிட்டுக் கூப்பிடுடா" என்ற குரலைக் கேட்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கில் கொட்டி எவோ கன் வாங்கியவனும் அந்த ரூமுக்குள் வெறும் நிறத்தோடுதான் வருகிறான். வெல்கிறவன் கைத்திறனால் வெல்கிறான். வழி நிறுவனத்துக்குத் தெரிந்தேயிருக்கிறது, தெரிவாக வைத்தும் இருக்கிறது. எல்லாரும் ஆடும் பொது ஆட்டத்தில் அதை ஏன் எப்போதைக்குமாக நிறுத்திவைக்கக் கூடாது?

கட்டுகிறவர்களுக்குள்ளேயே நடக்கும் ஓரவஞ்சனையைத் தோட்டத்துச் சம்பள நாளோடு வைத்துப் பார்க்க வேண்டும். மாதம் பத்தாந் திகதியை ஒட்டிச் சம்பளம் வரும். அன்று ரீலோட் கடையில் பிளேயர் ஐடியை ஒரு துண்டில் எழுதி நீட்டும் கைகள் அதிகம். பெரும்பாலும் நூறு டயமண்ட். ஆட்டமோ டாப்-அப் பரிசுகளைப் படிப்படியாக வைக்கிறது: குறித்த சில நாளுக்குள் நூறு ஏற்றினால் ஒன்று, முந்நூறு ஏற்றினால் இன்னொன்று, ஐந்நூறுக்குப் பெரியது. நாள் முடிந்ததும் கணக்கு அழிந்து பூச்சியத்திலிருந்து தொடங்கும். மாதம் தவறாமல் நூறு ஏற்றும் பையன் ஆண்டில் 1,200 டயமண்ட் வாங்கியிருப்பான். பெரிய பரிசு ஒருமுறையும் அவனுக்கு எட்டாது. ஆண்டில் இரண்டே முறை ஐந்நூறாக ஏற்றியவன் 1,000தான் வாங்கியிருப்பான், இரண்டு முறையும் மேல்படிப் பரிசு அவனுக்கு. குறைவாகக் கட்டியவனுக்குக் கூடுதல் வெகுமதி. விசுவாசமாக, இயன்றதைக் கட்டி வந்தவன் கணக்கிலேயே இல்லை. வாராந்தர உறுப்புரிமை சிறு பணத்துக்குப் பெறுமதியானதுதான், ஆனால் டயமண்டை நாள்தோறும் உள்நுழைந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பரீட்சை வாரத்திலும் பிள்ளை ஆட்டத்தைத் திறக்க வேண்டிய கட்டாயத்தை அதற்குள் பொதிந்து வைத்திருக்கிறார்கள்.

மிஸ்டரி ஷொப் என்றொன்று இடைக்கிடை வரும். சுழற்றினால் உங்களுக்கு எத்தனை வீதம் கழிவு என்று விழும். ஒருவனுக்குத் தொண்ணூறுவரை விழலாம்; அடுத்த காம்பராவில் இருப்பவனுக்கு அதில் பாதிகூட விழாது. ஒரே பொருள், ஒரே நாள், ஒரே லயம், இரண்டு விலை. அக்கரப்பத்தனை டவுனில் ஒரு கடைக்காரர் சீனிக்கு இப்படி ஆளுக்கொரு விலை சொன்னால் அன்றைக்கே சண்டை வரும்.

விலையும் நம் கையில் இல்லை. நூறு டயமண்ட் ஏறக்குறைய ஓர் அமெரிக்க டொலர். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் இருநூறு ரூபா அளவில் இருந்தது. மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள், மே மாதமாகும்போது 360ஐத் தொட்டுவிட்டது. அப்போது தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபா. 2021இல் சம்பளச் சபை போராட்டங்களுக்குப் பின் நிர்ணயித்த தொகை. அம்மாவின் நாட்சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த அதே நூறு டயமண்ட், சில வாரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது, டொலரும் முந்நூறை ஒட்டி இறங்கியது. அப்போதும் பழைய பங்குக்குத் திரும்பவில்லை. சிங்கப்பூரில் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு ஒரு டொலர் சில நிமிட உழைப்பு. டொரிங்டன் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, அந்தச் சம்பளத்தில், அது ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் அட்டைக்கடியோடு நிற்பது. விலைப்பட்டியல் எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

எடை போடும் இடத்தை மலையகத்தார் நன்கு அறிவோம். கொழுந்து மடுவத்தில் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோக் கழிப்பதை எதிர்த்துத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடித்தவர்கள் நாம். மேலதிகக் கிலோவுக்கான காசு குறைந்தால் ஏன் என்று கேட்க முடிந்தது, ஏனென்றால் தராசின் முள் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. லக் ரோயல் என்ற பரிசுச் சக்கரத்தில் டயமண்ட் போட்டுச் சுழற்றும் பிள்ளைக்கு முள் தெரியாது. பரிசு விழும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று எழுதியே வைத்திருந்தாலும், எழுதியபடிதான் சக்கரம் சுற்றுகிறது என்பதற்கு யார் சாட்சி?

இது வீண் சந்தேகம் அன்று. தென்கொரியாவின் நெக்ஸன் நிறுவனம் மேப்பிள் ஸ்டோரி என்ற ஆட்டத்தில் கியூப் என்ற பொருளைப் பணத்துக்கு விற்றது. ஆடுபவர்கள் அதிகம் விரும்பிய சக்திகள் விழும் வாய்ப்பை 2010இலிருந்தே சொல்லாமல் குறைத்து, சில சேர்க்கைகள் ஒருபோதும் விழாதபடியே வைத்திருந்தது அங்குள்ள நியாய வர்த்தக ஆணைக்குழுவின் விசாரணையில் வெளிவந்தது. 2024 ஜனவரியில் 11.6 பில்லியன் வொன் அபராதம். வாய்ப்பு வீதத்தை வெளியிடுவது அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து அங்கே சட்டக் கடமை. சீனா 2017இலேயே அதைக் கேட்டது. ஜப்பான் 2012இல், சுழற்றிச் சுழற்றி முழுத் தொகுதி சேர்த்தால் பெரிய பரிசு என்ற ஒரு வகையைத் தடுத்தது. பெல்ஜியம் 2018இல், காசுக்கு விற்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. கடைக்காரர் விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும், குறித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது. அரிசி மூட்டைக்கு இருக்கும் இந்தக் காவல் டயமண்டுக்கும் வரட்டும்: எல்லாருக்கும் ஒரே விலை, வாய்ப்பு வீதம் தமிழிலும் சிங்களத்திலும், ஆண்டு முழுதும் கட்டியதைக் கூட்டிக் கணக்கெடுக்கும் வெகுமதி, விற்ற பொருளின் சக்தியைக் குறைத்தால் டயமண்டைத் திருப்பிக் கொடுப்பது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை வாங்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். மேலதிகக் கிலோக் காசு எங்கே போகிறது என்று தாய்க்குத் தெரிய வேண்டும்.

அந்தக் காவல் வரும்வரை செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கொரியாவில் கியூப் வாங்கி ஏமாந்தவர்களுக்கு, பாவனையாளர் பிணக்குத் தீர்ப்புக் குழுவின் முடிவுப்படி 2024இல் நிறுவனம் இழப்பீடு கொடுக்க இணங்கியது. யார் எப்போது எவ்வளவு வாங்கினார் என்பது பதிவில் இருந்ததால்தான் அதைக் கணக்கிட முடிந்தது. நம்முடைய பிள்ளை ரீலோட் கடையில் கையில் காசு கொடுக்கிறான். கடைக்காரர் தம் ஃபோனிலிருந்து ஏற்றிவிடுகிறார். பிள்ளையிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. சவர்க்காரத்துக்குப் பற்றுச்சீட்டு கொடுக்கும் கடை, டயமண்டுக்கும் திகதி, தொகை, பிளேயர் ஐடி மூன்றையும் எழுதிக் கொடுக்கலாம். வருகிற பத்தாந் திகதியிலிருந்து அதைக் கேட்டு வாங்கி, சம்பளத் துண்டோடு சேர்த்து வைக்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.