கை தறியில், பாடம் போனில்!

"வீட்டிலிருந்தே தொழில் படிக்கலாம்! செல்போன் போதும்!" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2017-ம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய "ஸ்வயம்" இணையதளத்தில் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம்.

சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுக்கு வாருங்கள். வீடுதான் தொழிற்கூடம். குழித்தறியில் உட்கார்ந்தால் இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் வேலை. சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு மணி நேரம் போனைப் பார்த்தால், ஒரு மணி நேர நெசவு போச்சு! ஆபீஸ்காரருக்குப் பயிற்சி நாளிலும் சம்பளம் உண்டு. இவருக்கு யார் கொடுப்பது?

இன்னொரு சங்கடமும் உண்டு. காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. சேலையின் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்து, இழையோடு இழை பூட்டுவார்கள். இதற்கு நாடா மூன்று. ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளத் துணை ஆள் வேண்டும். அப்படித் துணைக்கு உட்கார்ந்து, பார்த்துப் பார்த்தே நெசவாளர் ஆனவர்கள் உண்டு. பூட்டு தளர்ந்ததா, இறுகியதா என்பதை விரல்தான் சொல்லும். போனில் ஓடும் படம் சொல்லுமா?

கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வித்தை வேறு. அதைப் போனில் பார்த்துப் பழகலாம், இன்று தேவையும்கூட. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறித் தறி நின்றுவிடும். அந்த நாட்களில் பாடத்தை வைத்து, அன்றைய கூலியையும் கொடுத்துப் பார்க்கட்டும். படிக்க ஆள் வரும்!