விலகிச் சென்றோரின் சொல்லும் ஆய்வாளரின் எழுத்தும்

ஒரு மருத்துவமனையில் ஓராண்டுக்குள் எத்தனை செவிலியர் பணியை விட்டனர் என்பதை ஊதியப் பட்டியலே சொல்லிவிடும். ஏன் விட்டனர் என்பது அதில் இராது. விலகல் மடலைப் பிரித்தால், 'சொந்தக் காரணங்களுக்காக' என்னும் தொடரே பெரும்பாலும் கண்ணில் படும். அத்தொடருக்குப் பின்னே மறைந்திருக்கும் பணிவாழ்வை வெளிக்கொணர்வது, நேர்காணலும் நேர்நோக்கும் கொண்ட பண்புசார் ஆய்வு. நேர்காணல் முடிந்ததும் அவ்வாய்வு முடிந்துவிடுவதில்லை. கேட்டதை எவ்வாறு எழுதுகிறோம் என்பதிலேயே அதன் உண்மையும் பயனும் நிலைபெறுகின்றன.

இதற்கு என்றும் நிற்கும் சான்று, இசபெல் மென்சீசு என்னும் உளப்பகுப்பாய்வாளர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை. இலண்டனில் பயிற்சிக் கல்லூரியோடு இணைந்த பெரிய பொது மருத்துவமனை ஒன்று, அவர் பணியாற்றிய, மாந்த உறவுகளை ஆயும் டாவிசுடாக் நிறுவனத்தின் உதவியை நாடியது. மாணவச் செவிலியரை எந்தப் பிரிவில் எவ்வளவு காலம் அமர்த்துவது என்பதே அம்மருத்துவமனை முன்வைத்த சிக்கல். அங்கிருந்த செவிலியர் ஏறத்தாழ 700 பேர். அவர்களுள் முழுப் பயிற்சி பெற்றோர் 150 பேர் அளவினர், ஏனையோர் மாணவியர். அம்மாணவியருள் மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே வெளியேறினர். தேர்வில் தோற்று வெளியேறியோர் சிலரே. பெரும்பாலோர் தாமே விரும்பி விலகியவர்கள்.

மென்சீசும் உடன் ஆய்வாளரும் செவிலியர் எழுபதின்மர் அளவினரைத் தனியாகவும் சிறு குழுக்களாகவும் சந்தித்து உரையாடினர். நோயாளர் பிரிவுகளில் நடப்பதை உடனிருந்து நோக்கினர். அவ்வாறு கண்டவற்றை ஆய்வுரை ஒவ்வொன்றாக நம் முன் வைக்கிறது. ஒரு மாணவிக்கு ஒரு நோயாளரை முழுமையாகப் பேணும் வாய்ப்பு இல்லை. பலருக்கு ஒரே வகைச் சிறுபணியைச் செய்துகொண்டே செல்ல வேண்டும். நோயாளர் பெயரால் அன்றிப் படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் சுட்டப்பட்டனர். உறங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பி, நேரம் தவறாமல் உறக்க மருந்து கொடுத்தனர். ஒரு பிரிவில் மனம் பொருந்தத் தொடங்குமுன் மாணவி வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டாள்.

இவற்றைச் சீர்கேடுகளின் பட்டியலாக அடுக்கியதோடு அவர் நிறுத்தியிருந்தால் அவ்வுரை மறக்கப்பட்டிருக்கும். சாவையும் வலியையும் நாள்தோறும் அருகிருந்து காண்போருக்கு எழும் பேரச்சத்தை அடக்கவே இவ்வழக்கங்கள் தாமாக உருவாயின என்று அவர் நிறுவினார். நோயாளரிடமிருந்து செவிலியை விலக்கி நிறுத்திய அவ்வேற்பாடு அச்சத்தைத் தீர்க்கவுமில்லை; ஒருவர் நலம்பெற்று எழுவதைக் கண்டு மகிழும் நிறைவையும் அவளிடமிருந்து பறித்தது. மாணவி வெளியேறியது அவளுடைய மனவலிமைக் குறைவால் என்னும் எண்ணம் இவ்விளக்கத்தால் தகர்ந்தது. வினா மருத்துவமனையை நோக்கித் திரும்பியது.

பணியை விடுவதற்கு எதிர்முனையான பணி ஈடுபாடு பற்றிய கருத்தும் இவ்வகை ஆய்விலிருந்தே பிறந்தது. வில்லியம் கான் என்னும் ஆய்வாளர் 1990ஆம் ஆண்டில், ஒரு கோடை முகாமிலும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்திலும் பணியாற்றியோரை நோக்கியும் நேர்கண்டும் எழுதினார். தன் பணிக்குப் பொருள் உண்டென்னும் உணர்வு, உள்ளதைச் சொன்னால் தீங்கு நேராது என்னும் நம்பிக்கை, பணிக்குத் தன்னை ஈடுகொடுக்கத்தக்க உடல் உள ஆற்றல் ஆகிய மூன்றும் இருக்குமிடத்தில் மாந்தர் பணியில் தம்மை முழுதும் ஈடுபடுத்துகின்றனர் என்றார்.

இத்தகைய ஆய்வை எழுதுவோர் முதலில் பிரித்தறிய வேண்டியது தலைப்பையும் கருப்பொருளையும். ஒரு செவிலி, "இரவுப் பணி எனக்கு ஒத்துவரவில்லை" என்று கூறுவதாகக் கொள்வோம். 'இரவுப் பணி' என்று தலைப்பிட்டு அக்கூற்றை ஒதுக்கிவிடுவது எளிது. அவர் மேலும் பேசுவதைக் கேட்டால், நள்ளிரவில் நோயாளரின் மூச்சு தடுமாறியபோது மருத்துவரை அழைக்கலாமா என்று கலந்துகேட்க மூத்த செவிலி எவரும் இல்லாததும், அழைத்ததற்காக மறுநாள் கடிந்துரைக்கப்பட்டதும் வெளிவரும். இங்கே கருப்பொருள், துணையின்றிச் சுமத்தப்பட்ட பொறுப்பு. பணிநேரத்தை மாற்றுவதால் மட்டும் இக்குறை தீராது. தலைப்போடு நின்ற ஆய்வு தவறான மருந்தைப் பரிந்துரைக்கும்.

அடுத்து, முடிபுக்கு மாறான சான்றை மறைத்தல் ஆகாது. அதே பிரிவில், அதே சுமையோடு, பல்லாண்டு நிலைத்திருப்பவர் எதனால் நிலைத்தார்? அமெரிக்கச் செவிலியியல் கல்விக்கழகத்தார் இவ்வினாவையே தம் ஆய்வின் மையமாக்கினர். செவிலியரை ஈர்த்துத் தக்கவைத்துக்கொண்ட 41 மருத்துவமனைகளைத் தெரிந்தெடுத்து, அங்குள்ள செவிலியரோடும் அவர்தம் தலைவரோடும் குழுவாக உரையாடி, 1983ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். 'காந்த மருத்துவமனை' என்னும் வழக்கு அதிலிருந்தே வேரூன்றியது. எளிதில் அணுகத்தக்க தலைமையும், தொழில் சார்ந்த முடிவுகளைத் தாமே எடுக்கும் உரிமையும் செவிலியரை நிலைக்கச் செய்தன என்பது அதன் சாரம்.

மூன்றாவது, சொன்னவரைக் காத்தல். பெயரை நீக்கினால் போதும் என்று எண்ணுவது பெரும்பிழை. 'குருதிச் சுத்திகரிப்புப் பிரிவின் மூத்த ஆண் செவிலியர்' என்று எழுதினால், அம்மருத்துவமனையில் அப்படி ஒருவரே இருப்பின், மேலாளர் அவரை நொடியில் அறிந்துகொள்வார். நம்பி உரைத்தவரின் பிழைப்பு அவ்வொரு வரியால் கெடும். ஆகவே கருத்துக்குத் தேவையற்ற அடையாளங்களை நீக்கியே எழுதவேண்டும். அவ்வாறு நீக்கியதையும் படிப்போருக்குத் தெரிவிக்கவேண்டும்.

நேர்கண்டவர் யார், அவருக்கும் நேர்காணப்பட்டோருக்கும் என்ன உறவு, எத்தனை பேர் மறுத்தனர், கருப்பொருள்கள் எவ்வாறு வகுக்கப்பட்டன என்பவற்றையும் ஒளிக்காமல் எழுதவேண்டும். 2007ஆம் ஆண்டில் வெளியான கோரெக் என்னும் வழிகாட்டி, இத்தகைய செய்திகளை 32 உருப்படிகளாக வகுத்துத் தந்துள்ளது. மேலாளரே நேர்காணல் செய்தார் என்று தெரிந்தால், செவிலியர் அவரிடம் எதைச் சொல்லத் தயங்கியிருப்பர் என்பதையும் சேர்த்து எடைபோடப் படிப்போரால் இயலும். அவ்வாறு எடைபோட இடங்கொடுப்பதே அறிவியலின் நேர்மை.

பணிப்பட்டியல் வகுப்போரும் பணியிடங்களை ஒதுக்குவோரும் இத்தகைய ஆய்வுரையைப் படிக்கவேண்டியவர்கள். 'ஊழியரின் மனநலம் மேம்பட வேண்டும்' என்னும் பொதுவுரை அவர்களை எதற்கும் கடமைப்படுத்தாது. 'இரவுதோறும் பிரிவுக்கு ஒரு மூத்த செவிலி வேண்டும். ஐயுற்று அழைத்தவரைக் கடிந்துகொள்ளலாகாது' என்று சான்றோடு எழுதினால், ஏற்பதா மறுப்பதா என்று அவர்கள் விடையிறுத்தே ஆகவேண்டும். விலகிச் சென்றோரின் சொல்லை அத்தகைய கோரிக்கையாக்கும் அளவுக்குத் தெளிவாக எழுதுவது, நேரம் ஒதுக்கி நம்மிடம் பேசியவர்களுக்கு நாம் பட்ட கடன்.