ஒரு விடைத்தாளுக்கு எத்தனை புள்ளி?

ஒரே பொதியை ஒருமுறை நிறுத்தால் ஒரு கிலோ, மறுமுறை நிறுத்தால் ஒன்றரைக் கிலோ. இவ்வாறு காட்டும் தராசை நாம் நம்புவோமா? நம்பமாட்டோம். ஆயினும் பிள்ளையின் பரீட்சைப் புள்ளியைக் கண்டவுடன் மகிழ்கின்றோம், அல்லது மனம் வருந்துகின்றோம். அப்புள்ளியை இட்ட தராசு எத்தகையது என்று மட்டும் கேட்பதில்லை.

அமெரிக்காவிலே டானியல் ஸ்டார்ச், எட்வேட் எலியட் என்னும் அறிஞர் இருவர் அக்கேள்வியைக் கேட்டனர். மாணவர் எழுதிய ஆங்கில விடைத்தாள்களைப் பிரதி செய்து, பல பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பினர். முடிவு 1912ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரே தாளுக்கு ஒருவர் 60க்கும் குறைவான புள்ளி இட்டார். வேறொருவர் 90க்கும் மேல் இட்டார்!

மொழிப்பாடம் அவரவர் சுவையைப் பொறுத்தது, கணிதத்தில் இவ்வாறு நிகழாது என்று நாம் எண்ணக்கூடும். 1913இல் அவர்கள் கேத்திரகணித விடைத்தாள் ஒன்றையும் அவ்வாறே சோதித்தனர். அதற்குக் கிடைத்த புள்ளிகளோ 30க்குக் கீழிருந்து 90க்கு மேல்வரை பரந்து கிடந்தன. ஒருவர் கையிலே சிறப்பாய்த் தேறிய மாணவன், மற்றொருவர் கையிலே தவறினான்.

மீண்டும் அளப்பினும், வேறொருவர் அளப்பினும், ஏறக்குறைய அதே விடை கிடைக்கும் தன்மையை உளவியலார் 'நம்பகம்' என்பர். நினைவாற்றல், நுண்ணறிவு, கவலை ஆகியவற்றைக் கோல்கொண்டு அளத்தல் இயலாது; வினாக்களைக் கொண்டே அளத்தல் வேண்டும். அவ்வளவை தளம்பினால் அதன்மேல் எழும் ஆராய்ச்சியும் தளம்பும். நம்பகம் குறைந்த அளவைகள், இரு பண்புகளுக்கிடையே உள்ள தொடர்பை உள்ளதினும் சிறிதாகக் காட்டும் என்பதை இங்கிலாந்து அறிஞர் சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904இல் விளக்கினார்.

இதற்குப் பரிகாரம் இல்லையா? உண்டு. ஸ்பியர்மனும் வில்லியம் பிறவுனும் 1910இல் தனித்தனியே ஒரு சூத்திரத்தை வெளியிட்டனர். நம்பகம் 0.5 உள்ள சோதனை ஒன்றை, அதே தரமான வினாக்களைச் சேர்த்து இருமடங்காக்கினால், நம்பகம் ஏறத்தாழ 0.67 ஆக உயரும். வினாக்கள் பெருகும்போது, தற்செயலான பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரு தாளை இருவர் திருத்துவதன் பயனும் இதுவே.

நிற்க. நம்பகம் மட்டும் போதாது. எந்நாளும் பத்து நிமிடம் முந்தி ஓடும் மணிக்கூடு மாறாமல் ஓடுகின்றது. ஆனால் சரியான நேரத்தைக் காட்டுவதில்லை. அளக்க எண்ணியதையே அளக்கின்றோமா என்பது வேறொரு சோதனை.

பெற்றோரும் மாணவரும் இதனை மனத்திற் கொள்ளல் நன்று. ஒருநாட் பரீட்சையின் ஒரு புள்ளி, ஒரு சாட்சி கூறும் சொல்லைப் போன்றது. வேறு சாட்சிகளையும் கேளாமல் பிள்ளையின் திறமைக்குத் தீர்ப்பு எழுதலாமா?