லைன் கிடைத்துவிட்டது, கற்றல் நடக்கிறதா?

"இக்கால மாணவர்களுக்குத் தொழில்நுட்பத்தைச் சொல்லித்தர வேண்டுமா என்ன?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. டிக்டாக்கில் காணொளி போடத் தெரிந்தவருக்கு இயங்கலையில் படிக்கவும் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு சரியில்லை.

ஒரு புதிய தொழில்நுட்பத்தை மனிதர் ஏன் ஏற்கிறார் என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989இல் விளக்கினார். இது எனக்குப் பயன்படுமா? இதைக் கையாள்வது எளிதா? இவ்விரு கேள்விகளுக்கு நம் மனம் சொல்லும் பதிலைப் பொறுத்தே ஏற்பதும் ஒதுக்குவதும் அமைகின்றன.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அப்போது நான் தாப்பாவில் படிவம் ஐந்து மாணவன். வீட்டில் ஒரே கைப்பேசி. பகலில் தங்கைக்கு வகுப்பு. என் கைக்கு அது வர இரவாகிவிடும். செம்பனைத் தோட்டத்தில் இருந்த நண்பனோ லைன் தேடி மேட்டுக்கு ஏறுவான். அதே ஆண்டு ஜூன் மாதம், சபாவின் பித்தாஸ் வட்டாரத்து மாணவி ஒருவர் இயங்கலைத் தேர்வுக்காக மரத்தில் இரவைக் கழித்தது நாடெங்கும் பேசப்பட்டது. இவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? குறை வசதியில்தான் இருந்தது.

இன்று கம்பாரில் பட்டப்படிப்பு படிக்கிறேன். லைன் இருக்கிறது, மடிக்கணினி இருக்கிறது. இப்போது இடறுவது முதல் கேள்வி. விரிவுரையின் பதிவைச் சேமிக்கிறோம், திறந்து பார்ப்பதில்லை. கேமராவை அடைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறோம். ஆனால், 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடியை ஏற்க நாம் கொஞ்சமும் தயங்கவில்லை. உழைப்பைக் குறைக்கும் கருவியை உடனே ஏற்கிறோம். உழைப்பைக் கேட்கும் கருவியைத் தள்ளிப்போடுகிறோம்.

ஒப்படைப்பைக் கருவி எழுதித் தரலாம். தேர்வு மண்டபத்திலும் வேலைக்கான நேர்முகத் தேர்விலும் நாம் தனியாகத்தான் உட்கார வேண்டும். தோட்டப்புறத்திலிருந்து பட்டம் வாங்க வரும் முதல் தலைமுறை மாணவருக்கு இந்த இழப்பு இன்னும் பெரிது.

நான் செய்வது எளிய காரியம். பதிவை இருபது நிமிடம் பார்ப்பேன், நிறுத்துவேன், புரிந்ததை மூன்று வரியில் கையால் எழுதுவேன். பிறகு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் விடை கேட்காமல், என்னிடம் கேள்வி கேட்கச் சொல்வேன். எங்கே தடுமாறுகிறேனோ அங்கே பாடநூலைத் திறப்பேன்.

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் எழுதவிருக்கும் தம்பி தங்கைகளே, கருவி கையில் இருப்பது பாதி வழிதான். அதனிடம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் மீதி இருக்கிறது.